குத்துவிளக்கு ஏற்ற ஒரு நோயாளி

சிவசாமிக்கு மேடை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எங்கள் ஊர் அலோர் காஜாவில் கல்யாணமோ கருமாதியோ, மைக் அவர் கையில்தான் இருக்கும். அவர் நடத்தும் மக்கள் நலச் சங்கத்தில் மக்களும் குறைவு, நலமும் குறைவு. பொன்னாடைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அந்த மனிதர் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்து, 'நுரையீரல் நல நாள்' நடத்தப் போகிறேன், அதில் என் வீட்டுக்காரர் ஃபிரெடி பேச வேண்டும் என்று கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஒய்.பி. வருகிறார் என்றார். சட்டமன்ற உறுப்பினரே முன்னால் உட்கார்ந்து கேட்கப் போகிறார் என்றால் எரிச்சலை விழுங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

ஏனென்றால் எங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

ஃபிரெடி ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். மீசை முளைக்காத வயதில் உள்ளே போனவர், தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிக் கொட்டகையை இடிக்கும்வரை அங்கே விறகு தள்ளினார். வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடித்தவரில்லை. கம்பெனியின் புகையைக் குடித்தே நுரையீரல் இரண்டும் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் சி.ஓ.பி.டி. என்று பெயர் சொன்னார்கள், இது குணமாகாது, காலம் முழுக்க இருக்கும் என்றார்கள். இப்போது வீட்டில் ஓர் ஆக்சிஜன் மெஷின் இரவு பகலாக ஓடுகிறது. அதன் டியூப் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவுதான் அவருடைய உலகம். கட்டில், நாற்காலி, ஜன்னல், கக்கூஸ் வாசல்.

மெஷின் கரண்டில் ஓடுவது. எங்கள் வீடுகளுக்கான கரண்ட் மீட்டர் தோட்டத்தின் பெயரில் இருக்கிறது. கம்பி வேலைக்காகக் கரண்டை நிறுத்தப் போகிறார்கள் என்றால் தகவல் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கே கணக்கு எழுதும் கிராணி அதை ஆபீஸ் பலகையில் குத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தப் பலகை இருக்கும் பக்கம் எங்களில் யாரும் போவதில்லை. போகிற வங்காளதேசத்துப் பையன்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக் காளிமுத்து அண்ணன் அப்படித்தான் செத்தார். அவரும் அதே கொட்டகையில் நின்றவர், அதே நோய், அதே மாதிரி மெஷின். அன்றைக்குக் காலையில் கரண்ட் போனது. ஃபிரெடிக்கு எங்கள் சர்ச்சில் வாங்கிக் கொடுத்த சின்ன சிலிண்டர் ஒன்று உண்டு, வெளியே போகும்போது தூக்கிப் போவதற்கு. அதைத் திறந்து அவருக்கு மாட்டினேன். கடைசி வீட்டில் ஜானகியின் அலறல் கேட்டது. அவள் புருஷனுக்குச் சிலிண்டர் எதுவும் கிடையாது. ஃபிரெடி தன் மூக்கிலிருந்த டியூபை உருவி என் கையில் திணித்து, "ஓடு" என்றார். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜானகி ஒரு காலண்டர் அட்டையால் அண்ணன் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. டியூபை வைத்துப் பார்த்தேன், பலனில்லை. மதியம் கரண்ட் வந்ததும், பிணத்துக்குப் பக்கத்தில் அந்த மெஷின் தானாகவே கடகடவென்று ஓட ஆரம்பித்தது. ஜானகி எழுந்து போய் அதை எட்டி உதைத்தாள்.

தோட்ட ஆபீசில் போய்க் கேட்டேன். பலகையில் போட்டோமே என்றார்கள். கரண்ட் கம்பெனியில் கேட்டேன். மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குச் சொல்லிவிட்டோம் என்றார்கள். மெஷினைக் கடன் கொடுத்த இடத்தில் கேட்டேன். கரண்ட் எங்கள் இலாகா இல்லை என்றார்கள். ஆக எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். காளிமுத்து அண்ணன்தான் ஏதோ தப்பாகச் செத்துப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஃபிரெடிக்கு இதே நினைப்பு. ஆக்சிஜன் மெஷின் இருக்கும் வீடுகளை மாநிலத்தில் பதிந்து வைக்க வேண்டும். கரண்டை நிறுத்துவதற்கு முந்தின நாளே ஆள் வந்து சொல்ல வேண்டும், கரண்ட் திரும்பும்வரை தாங்குகிற பெரிய சிலிண்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நிலாவைப் பிடித்துத் தரச் சொல்லவில்லை. இந்த ஓர் ஏற்பாட்டைச் சட்டமாகவோ உத்தரவாகவோ செய்யுங்கள் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, எங்கெங்கோ அனுப்பிவிட்டோம். ஒரு பதிலும் இல்லை. அடுத்த தடவை கரண்ட் போகும்போது அந்தச் சின்ன சிலிண்டரில் காற்று இருக்குமா, நான் வீட்டில் இருப்பேனா என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

அதனால் சிவசாமி தருவதாகச் சொன்ன அந்தக் கொஞ்ச நேர மைக்குக்காகத் தயாரானோம். ஃபிரெடிக்கு ஒரு மூச்சில் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. ஆகவே பேச்சை மூச்சுக்குத் தக்கபடி வெட்டினோம். 'மாண்புமிகு' போனது. 'பெருமதிப்பிற்குரிய' போனது.

"வணக்கம் கூட சொல்லாம எப்படி ரோஸ்?" என்றார்.

"வணக்கம் சொன்னீங்கன்னா காளிமுத்து அண்ணன் பேர சொல்ல மூச்சு இருக்காது. எது வேணும் ஒங்களுக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வணக்கத்த எடுத்துரு" என்றார்.

கடைசியில் நின்றது இவ்வளவுதான்: கரண்ட் நின்னா என் மூச்சு நிக்கும். காளிமுத்து அப்படித்தான் செத்தாரு. மெஷின் இருக்கிற வீட்டையெல்லாம் பதிஞ்சு வைங்க. முன்கூட்டி வந்து சொல்லுங்க, சிலிண்டர் குடுங்க. ஒவ்வொன்றுக்கும் நடுவே எங்கே மூச்சு வாங்குவது என்று சாயங்காலங்களில் சொல்லிச் சொல்லிப் பழகினார். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

மண்டபத்து வாசலிலேயே ஒரு பெரிய பதாகை. அதில் ஒரு ஜோடி நுரையீரல், அதைவிடப் பெரிதாகச் சிவசாமியின் முகம். வாசற்படியில் ஒரு பெண் சாம்பிராணித் தட்டோடு நிற்கிறாள், புகை குபுகுபுவென்று உள்ளே போகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இருமல்காரர்கள். தட்டை வாங்கிக் கொண்டுபோய்க் கார் நிறுத்தும் இடத்தில் வைத்தேன். சிவசாமி ஓடி வந்தார்.

"என்னாம்மா ரோஸ், ஒய்.பி.ய வரவேற்க சாஸ்திரத்துக்குக் கொஞ்சம்தானே லா!"

"நுரையீரல் நாளுக்குப் புகை போட்டா வரவேப்பீங்க?"

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, ஒங்களுக்குப் புரியாது."

எங்கள் சர்ச்சிலும் தூபம் உண்டு. எங்கள் ஃபாதர் ஃபிரெடி வருகிற நாளில் அதைத் தொடுவதில்லை. இதைச் சொல்வதற்குள் அவர் பூமாலையை எண்ணப் போய்விட்டார்.

நோயாளிகளை முதல் வரிசையில் உட்கார வைத்துச் சட்டையில் 'நோயாளி' என்று ஓர் அட்டையும் குத்திவிட்டார்கள். மூக்கில் டியூபும் காலடியில் சிலிண்டருமாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்த அட்டை வேறு தேவையா? ஃபிரெடி பேச்சுக்காக மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வருவதாக இருந்த ஒய்.பி. பதினொன்றாகியும் வரவில்லை. நான் சிலிண்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்க இறங்க என் நெஞ்சும் இறங்கியது.

ஒருவழியாக வந்தார். மேளம், மாலை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. அதன் பிறகு சிவசாமி, கையில் கொளுத்தாத ஒரு மெழுகுவர்த்தியோடு, குனிந்து ஃபிரெடியின் காதருகில் வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஃபிரெடி அண்ணே, ஒங்களுக்கு ஒரு பெரிய மரியாத. குத்துவிளக்க நீங்கதான் ஏத்துறீங்க! ஒரு நோயாளி கையால விளக்கேத்துற நிகழ்ச்சி இந்த அலோர் காஜாவுலயே இதான் மொத தடவ."

"ஆக்சிஜன் ஓடுதுண்ணே. பக்கத்துல நெருப்பு காட்டுனா பத்திக்கும். ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அப்போ ரெண்டு நிமிஷம் கழட்டி வச்சிருங்களேன்."

கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தக் கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக் கொளுத்தி அவர் ஜிப்பாவிலேயே வைத்துவிடலாமா என்று இருந்தது.

ஃபிரெடி என் கையைப் பிடித்தார். "ஏத்துறேன். ஏத்துனதும், மைக்கு. நேரா எனக்கு" என்றார் சிவசாமியிடம்.

"சத்தியமா அண்ணே! விளக்கு, அடுத்தது நீங்க."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஃபிரெடி என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஒய்.பி. எதிரே இருக்கிறார், இனி எப்போது இப்படி ஒரு நாள் வரும்? சிலிண்டரை மூடி, டியூபை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். சிலிண்டரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, கைத்தாங்கலாக மேடைப்பக்கம் கூட்டிப் போனேன். ஐந்து முகத்தையும் ஏற்றினார். நன்றாகவே ஏற்றினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மைக்குக்காகத் திரும்பினார்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்!" என்று போட்டோக்காரப் பையன் புவனேஷ் கையை உயர்த்தினான். "படம் சரியா விழலண்ணே. ஒய்.பி. போன பாத்துக்கிட்டு இருந்தாரு."

"அதனால என்னா, இத ரிஹர்சல்னு வச்சுக்குவோம். இன்னொரு தடவ ஏத்திரலாம்" என்றார் சிவசாமி.

"அப்புறம் அண்ணே," என்று புவனேஷ் இழுத்தான், "அந்த டியூப் மூக்குல இருந்தா நல்லாருக்கும். இப்ப பாத்தா சும்மா யாரோ அங்கிள் விளக்கேத்துற மாதிரி இருக்கு. பேஷண்ட்டுன்னு தெரியல."

சிவசாமி என் தோளிலிருந்த டியூபைப் பார்த்தார். "சிலிண்டர் மூடித்தானே இருக்கு? டியூப மட்டும் மூக்குல மாட்டிவிடும்மா. காத்து வர வேணாம். படத்துக்குத்தான்."

காற்று வராத டியூப். மூச்சுக்குத் தவிக்கிற மனிதருக்கு, படத்தில் அழகாக விழ வேண்டும் என்பதற்காக, வெறும் டியூப். என் வாழ்நாளில் எத்தனையோ கேவலத்தைப் பார்த்திருக்கிறேன். கொட்டகை மூடியபோது கணக்குத் தீர்த்த விதத்தைப் பார்த்திருக்கிறேன், காளிமுத்து அண்ணன் சாவுக்கு ஆபீசிலிருந்து வந்த பிளாஸ்டிக் மலர்வளையத்தைப் பார்த்திருக்கிறேன். இதற்குக் கிட்டே எதுவும் வராது. "மனுஷனா நீங்கள்லாம்?" என்று கத்தினேன். மேளக்காரர் பதறிப்போய் ஒரு தட்டுத் தட்டினார்.

என் தோளிலிருந்து டியூபை ஃபிரெடியே இழுத்தார். தானே காதில் சுற்றி மூக்கில் வைத்துக்கொண்டார். பேச முடியாமல் மைக்கை மட்டும் விரலால் காட்டினார். சீக்கிரம் முடியட்டும், அதைக் கொடுங்கள் என்று அர்த்தம்.

இப்போது எரிகிற விளக்கை அணைக்க வேண்டும். புவனேஷ் குனிந்து ஊதப் போனான். சிவசாமி அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "வாயால ஊதாதடா, தரித்திரம்!" சாஸ்திரம் தெரிந்த மனிதர் அல்லவா? நிகழ்ச்சி நிரல் அட்டையை எடுத்துப் படபடவென்று விசிறினார். ஐந்து திரியும் அணைந்தன. அணைந்த திரிகளிலிருந்து எழும்பிய எண்ணெய்ப் புகை, அவர் விசிறிய விசிறலில், எதிரே நின்ற ஃபிரெடியின் முகத்தில் மொத்தமாகப் போய் அப்பியது.

எத்தனை வருடம் புகைக் கொட்டகையில் நின்றாரோ அத்தனையும் சேர்ந்து அந்த நொடியில் அவர் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. இருமினார். இருமலுக்கே காற்றில்லை. முகம் கறுத்தது. நான் சிலிண்டரைத் திறக்கக் குனிந்தேன். பக்கத்தில் சிவசாமி மறுபடியும் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு நிற்கிறார்! அதைத் தட்டிவிட்டுக் காலால் மிதித்துவிட்டுத்தான் திறந்தேன். அந்தப் பாழாய்ப்போன விளக்கை அப்புறம் ஒய்.பி.யே ஏற்றினார். படம் நன்றாக விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு மைக் வந்தது. சொன்ன சொல் தவறாதவர் சிவசாமி. அதை ஃபிரெடியின் வாயருகில் கொண்டுபோய் நீட்டினார். மண்டபம் முழுக்கக் கேட்டது ஒரு விசில் சத்தம் மட்டும்தான். உள்ளே இழுத்த காற்று வெளியே வர முடியாமல் போடுகிற சத்தம். ஃபிரெடி வாயைத் திறந்தார், மூடினார். 'கரண்ட்' என்பதில் 'க' வந்தது. அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

சிவசாமி மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "அண்ணன் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு! ஒய்.பி.ய நேர்ல பாத்த சந்தோஷம், பேச்சே வரல! பலமா ஒரு கைத்தட்டு குடுங்க!"

தட்டினார்கள். நுரையீரல் போனவர்கள்கூடத் தட்டினார்கள்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். கெஞ்சிக் கேட்கவில்லை, பிடுங்கினேன். "உணர்ச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க காட்டுன புகைல மூச்சு அடைச்சுப்போச்சு" என்றேன். அப்புறம் அவர் பழகி வைத்திருந்த வார்த்தைகளை ஒன்றுகூட விடாமல் சொன்னேன். கரண்ட் நின்னா இவரு மூச்சு நிக்கும். காளிமுத்து அப்படித்தான் செத்தாரு. என்னையறியாமல் அவர் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் நானும் நிறுத்தினேன். சொல்லி முடித்தேன். ஒய்.பி. தலையை ஆட்டினார், பக்கத்திலிருந்த தன் செயலாளரிடம் ஏதோ சொன்னார். எனக்குக்கூட ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

அவர் எழுந்து பேசினார். சிகரெட்டை விட்டுவிடுங்கள் என்றார். காலையில் நடைப்பயிற்சி செய்யுங்கள், மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், நம் உடம்பு நம் கையில் என்றார். கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசி முடித்ததும் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டார். மட்டன் வாசம் வந்தது.

ஃபிரெடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. வேனை வாசலுக்கு வரச் சொல்லிவிட்டு அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒய்.பி.யின் செயலாளர் கணேஸ்வரன் எங்களைத் தேடி வந்தான். இளவயசு, மரியாதையான முகம். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். அன்றைக்கு எங்களிடம் உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அவன்தான்.

"அக்கா, நீங்க சொன்னது சரியான விஷயம். நான் கேட்டேன். நீங்க எழுதிப் போட்ட சூராட் எல்லாம் ஆபீஸ்ல இருக்கு, நானே படிச்சிருக்கேன்."

"படிச்சீங்களா? அப்ப ஏன் தம்பி ஒரு பதில் கூட போடல?"

"பதில் போட்டா மட்டும் வேல நடக்காதுக்கா. கொள்கைய மாத்தணும்னா மேல அனுப்பணும். அங்க மொதல்ல கேக்குறதே, கேஸ் இருக்கான்னுதான்."

"காளிமுத்து அண்ணன் இல்லியா? அவரு செத்தது போதாதா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான். "பாத்தேன்கா. அவரு சர்டிபிகேட்ல இதயம் நின்னுடுச்சுன்னுதான் போட்டிருக்கு. கரண்ட் கட்டுன்னு எங்கயும் இல்ல. அத வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்ட்ராங்கா ஒரு கேஸ் வேணும்."

"அப்படின்னா?"

"அடுத்த தடவ அந்த மாதிரி ஏதாச்சும் ஆச்சுன்னா, அன்னிக்கே எனக்குக் கால் பண்ணிருங்க. யாரையும் எதையும் தொட விடாதீங்க. நான் நேர்ல வந்து போட்டோ எடுத்து, டாக்டர்கிட்ட பேசி, காரணத்த சரியா எழுத வச்சு, பக்காவா மேல அனுப்பிர்றேன். கண்டிப்பா உத்தரவு வந்துரும்க்கா. என்னைய நம்புங்க."

சட்டைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்தான். ஃபிரெடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அதற்குக் கை நீட்டினார். இத்தனை நாள் இந்த வேலையைச் செய்தவர் அவர்தானே. கணேஸ்வரன் அந்தக் கையைப் பார்த்தான். ஒரு நொடி தயங்கினான். பிறகு அதைத் தாண்டி, கார்டை என்னிடம் கொடுத்தான்.

ஃபிரெடி நீட்டிய கையை மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது.

நான் அதைக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். சுருக்கம் விழாமல் பர்சுக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினேன்.